‘காந்தியாகவே வாழ்ந்தார்’, ‘அம்பேத்கரா நல்லா நடிச்சார்’: இரண்டு பாராட்டுகளின் வரலாறு



ஒரு வரலாற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அந்தச் சமூகம் யாரைத் தன் வரலாறாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, யாரை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அந்தப் பேச்சில் தெரிந்துவிடும்.

இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கி 1982இல் வெளியான ‘காந்தி’. இன்னொன்று, ஜப்பார் பட்டேல் இயக்கி 2000இல் வெளியான ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’. முதல் படத்தில் பென் கிங்ஸ்லி. இரண்டாவதில் மம்மூட்டி. கிங்ஸ்லிக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. மம்மூட்டிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. இரண்டு படங்களிலும் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம் இருக்கிறது. அதாவது நம் பணம்.

ஒன்றை நாடே பார்த்தது. மற்றொன்று தமிழ் பேசி தமிழ்நாட்டு அரங்குக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின.

பார்த்தவர்கள் சொன்னதிலும் ஒரு வேறுபாடு உண்டு. கிங்ஸ்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் “காந்தியாகவே வாழ்ந்திருக்கிறார்” என்பார்கள். மம்மூட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர்கள் சாதி இந்துக்களாக இருந்தால் பெரும்பாலும், “நல்லா நடிச்சிருக்கார்” என்பார்கள். கேட்க இரண்டும் பாராட்டுதான். ஆனால் முதலாவது நடிகரை மறந்து தலைவரைப் பார்க்கிறது. இரண்டாவது தலைவரைத் தள்ளிவைத்து நடிகரைப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டுக்கு நடிப்புத்திறன் காரணமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

ராஜபாதையில் மூன்று லட்சம் பேர்

‘காந்தி’ படத்தின் இறுதி ஊர்வலக் காட்சி 1981 ஜனவரி 31 அன்று டெல்லி ராஜபாதையில் எடுக்கப்பட்டது. உண்மையான இறுதி ஊர்வலம் நடந்து சரியாக 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். ஒரு படக்காட்சிக்கு இவ்வளவு கூட்டம் கூடியது உலக சாதனையாகவே சொல்லப்படுகிறது. நாட்டின் தலைநகரத்தில், நாட்டின் மிக முக்கியமான சாலையை ஒரு படப்பிடிப்புக்குத் திறந்துவிட அரசின் முழு விருப்பமும் வேண்டும். அது இருந்தது.

அந்தப் படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1978 ஜூலையில், மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்காக அந்தப் பகுதியில் தலித் மக்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. உயிர்கள் போயின. ஒரு பல்கலைக்கழகப் பலகையில் அந்தப் பெயர் ஏற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராஜபாதைக் காட்சி எடுக்கப்பட்டு 19 நாட்கள் கழித்து, 1981 பிப்ரவரி 19 அன்று, திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ‘இந்த மதத்தில் எங்களுக்கு மரியாதை இல்லை’ என்று ஒரு சிற்றூர் சொன்னதும் டெல்லி பதறியது.

தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்ட மகாத்மாவின் படம் ஒருபுறம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தீண்டாமையைப் பொறுக்க முடியாத மக்கள் இன்னொருபுறம் மதத்தை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்குப் பள்ளியில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

படம் வந்தது. 11 ஆஸ்கர் பரிந்துரைகள், 8 விருதுகள். உடையலங்காரத்துக்காக பானு அத்தையா பெற்றது இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். கிங்ஸ்லியின் தந்தைவழி குஜராத்தைச் சேர்ந்தது, அவருடைய இயற்பெயர் கிருஷ்ணா பண்டிட் பாஞ்சி என்பதெல்லாம் பெருமையோடு பேசப்பட்டது. நடை, சிரிப்பு, கைத்தடி பிடிக்கும் விதம், வயது ஏற ஏற வளையும் முதுகு என்று அவருடைய உழைப்பு உண்மையிலேயே பெரியது. அதை நாம் மறுக்கவில்லை. மறுக்கவும் தேவையில்லை. அந்த நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவுக்கு அந்தப் படத்தில் இல்லாத ஒருவரை யாரும் தேடவில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

படத்தில் இல்லாத உண்ணாவிரதம்

மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் நேரு வருகிறார். பட்டேல் வருகிறார். ஜின்னா வருகிறார். அம்பேத்கர் வரவில்லை. ஒரு காட்சியில்கூட இல்லை.

ஒருவரின் முழு வாழ்க்கையையும் ஒரு படத்துக்குள் அடக்க முடியாது என்று படத்தின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு வருகிறது. நியாயம்தான். ஆனால் எது விடுபட்டது என்று பாருங்கள். காந்தியின் லண்டன் பயணம் படத்தில் உண்டு. அந்த வட்டமேசை மாநாட்டில் அவரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியவர் இல்லை. கல்கத்தாவில் கலவரத்தை நிறுத்த காந்தி இருந்த உண்ணாவிரதம் உண்டு. ஓம் பூரி ஏற்ற அந்த நகாரி பாத்திரம் வந்து, ரொட்டியை எறிந்து, தன் பாவத்தைச் சொல்லும் இடத்தில் அழாதவர் குறைவு. ஆனால் 1932 செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் தொடங்கிய உண்ணாவிரதம் இல்லை.

அந்த உண்ணாவிரதம் எதற்காக என்பதை மாணவத் தோழர்கள் ஒருமுறை துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். அதில் மாகாண சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 தனித்தொகுதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த இடங்களுக்குத் தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிப்பார்கள். அதோடு பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. இதுதான் இரட்டை வாக்குரிமை. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுப்போம், சாதி இந்து வேட்பாளரும் நம் வாக்குக்காக நம்மிடம் வந்து நிற்க வேண்டும் என்பதே இதன் பொருள். இதைத் திரும்பப் பெறும்வரை சாகும்வரை உண்ணாவிரதம் என்றார் காந்தி.

செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கை கூடியதே என்று இன்றும் வகுப்பறையில் சொல்கிறார்கள். ஆனால் தனித்தொகுதி போயிற்று. இரட்டை வாக்குரிமை போயிற்று. தாழ்த்தப்பட்டோர் முதல்கட்டமாக நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் யார் வெல்வது என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள் என்று ஆயிற்று. ‘எல்லோரும்’ என்றால் யார் பெரும்பான்மை என்று உங்களுக்குத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1945இல், காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று பாபாசாகேப் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் தமிழர்களின் கையெழுத்தும் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி. மூவருக்கும் மூன்று நிலைப்பாடுகள், மூன்று வகையான நெருக்கடிகள். 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் போன இருவர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும்தான். இது நம் மாநிலத்தின் வரலாறும்கூட.

இவ்வளவும் படத்தில் இல்லை. இந்த வெற்றிடத்தைப் பார்வையாளர் உணராமல் போவதற்கு கிங்ஸ்லியின் நடிப்பே பெரிய உதவி செய்தது. மனம் கரைந்து அழுதுகொண்டிருக்கும் ஒருவர் ‘இங்கே ஓர் ஆளைக் காணோமே’ என்று கேட்க மாட்டார்.

பதக்கம் வந்தது, படம் வரவில்லை

1990இல் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் வைக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். நூற்றாண்டு விழா நடந்தது. அந்தச் சூழலில் உருவான திட்டம்தான் ஜப்பார் பட்டேலின் படம். மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் பணம் கொடுத்தன. பட்டேல் மராத்தி நாடகத்திலும் சினிமாவிலும் பெயர் பெற்றவர். ரமாபாயாக சோனாலி குல்கர்னி, காந்தியாக மோகன் கோகலே நடித்தார்கள். படம் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது.

படம் உருவான அந்தப் பத்தாண்டையும் மறக்கக்கூடாது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் இடையே பதினோரு நாட்கள்தான். திரையில் அம்பேத்கராக ஒரு நடிகர் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், தெருவில் அம்பேத்கர் சிலையாக நிற்பதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

46வது தேசியத் திரைப்பட விருதுகளில், 1998ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது மம்மூட்டிக்குக் கிடைத்தது. ‘ஸக்ம்’ படத்துக்காக அஜய் தேவ்கனோடு பகிர்ந்துகொண்டார். சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த கலை இயக்கம் ஆகிய விருதுகளும் வந்தன. விருது முதலில் வந்தது. படம் 2000இல்தான் திரைக்கு வந்தது. தமிழ் மக்களுக்கு அப்போதும் வரவில்லை.

தமிழில் மொழிமாற்றம் செய்ய மாநில அரசு பணம் கொடுத்தது. அதன் பிறகும் படம் வெளிவரவில்லை. விநியோகிக்க ஆள் முன்வரவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எழுத்தாளர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் தொடர்ந்து குரல் கொடுத்தன. கடைசியில் 2010 டிசம்பரில், பாபாசாகேப் நினைவு நாளையொட்டி, தமிழ்ப் படம் மிகச் சில அரங்குகளில் வெளியானது.

அரசே எடுத்து, அரசே விருது கொடுத்து, அரசே மொழிமாற்றத்துக்குப் பணமும் கொடுத்த ஒரு படத்தைப் பார்க்க மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. ‘பாதுகாப்புக்காக’ என்பார்கள். படப்பெட்டிக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அதனால் ‘அம்பேத்கர் படத்துக்கு வரவேற்பு இல்லை’ என்று யாராவது சொன்னால், எந்த அரங்கில், எத்தனை காட்சி, எந்த மொழியில் என்று திருப்பிக் கேளுங்கள். படத்தைக் காட்டாமலேயே பார்வையாளர் நிராகரித்துவிட்டதாகச் சொல்வது நமக்குப் பழகிப்போன தந்திரம். தேர்வுக்கே விண்ணப்பம் தராமல் ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று எழுதுவது போலத்தான் இது.

சமுதாயக் கூடத்துச் சுவரில்

அரங்குகள் கைவிட்ட படத்தை மக்கள் கைவிடவில்லை. குறுந்தகடாகவும் பிறகு பென் டிரைவிலும் அது ஊர் ஊராகப் போனது. ஏப்ரல் 14, டிசம்பர் 6 என்றால் காலனிச் சமுதாயக் கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, வாடகை ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டுவார்கள். நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையங்களிலும் பலமுறை திரையிட்டிருக்கிறோம். அங்கே பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

பரோடா அலுவலகக் காட்சி வருகிறது. வெளிநாட்டில் படித்து வந்த அதிகாரியின் மேசையில் கடைநிலை ஊழியர் கோப்பைத் தூரத்தில் நின்று வீசிவிட்டுப் போகிறார். தாலுகா அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “இப்ப வீசறதில்லப்பா. மேசைல வச்சிட்டு, கையத் தொடச்சிக்கிட்டுப் போறாங்க.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மம்மூட்டிக்கானது இல்லை.

மகத் குளத்துக் காட்சி வருகிறது. பாபாசாகேப் குனிந்து தண்ணீரை அள்ளிக் குடிக்கிறார். இளைஞர்கள் விசில் அடிக்கிறார்கள். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது: “குடிச்சிட்டு வந்தவங்கள அடிச்சாங்களா, விட்டாங்களா?”

எந்தப் பேராசிரியரும் கேட்டிராத வரலாற்றுக் கேள்வி இது. பதில் அந்தப் பாட்டிக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நினைக்கிறோம். அடித்தார்கள். 1927 மார்ச் 20 அன்று குளத்தில் தண்ணீர் குடித்துத் திரும்பியவர்களைச் சாதி இந்துக்கள் தெருத்தெருவாகத் துரத்தி அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தில் நீர் எடுக்கும் உரிமை வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சாதகமாக முடிய 1937 ஆயிற்று. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு இந்தக் காட்சியைப் பழைய கதையாகப் பார்க்க எங்கள் பிள்ளைகளால் முடிவதில்லை.

சிறுவர்கள் கவனிப்பது கோட்டையும் கண்ணாடியையும். படம் முடிந்ததும் ஒரு பையன் அப்பாவின் பழைய சட்டையைக் கோட்டு மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு விரலை நீட்டி நிற்பான். இதைப் பார்த்துச் சிலர் ‘நடிகர் மோகம்’ என்பார்கள். அரை ஆடைதான் எளிமை, அதுதான் உயர்வு என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட நாட்டில், நம் பிள்ளைக்குக் கோட்டு ஏன் பிடிக்கிறது என்று யோசிக்க வேண்டும். நல்ல உடை உடுத்தக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வேண்டாம் என்று துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும்.

எரவாடா சிறைக் காட்சியில்தான் கூட்டம் அமைதியாகிவிடும். கட்டிலில் படுத்திருக்கும் காந்திக்கு எதிரே மம்மூட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் ஓர் உயிர், இன்னொரு பக்கம் ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமை. கையெழுத்துப் போடாமல் காந்தி இறந்திருந்தால் நாடெங்கும் சேரிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை அந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் கல்லூரி மாணவிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இரட்டை வாக்குன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு எங்க புத்தகத்துல ஏன் இல்ல?”

இங்கே யாரும் ‘நல்லா நடிச்சிருக்கார்’ என்று தொடங்குவதில்லை. முதலில் ‘நம்ம ஊரிலயும்’ என்று தொடங்குகிறார்கள். நடிப்பைப் பற்றிய பேச்சு கடைசியில், தேநீர் குடிக்கும்போது வரும்.

பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது

இதே படத்தைச் சாதி இந்துக்கள் அதிகம் இருக்கும் கூட்டங்களில் காட்டியபோது, பேச்சு மம்மூட்டியின் ஆங்கில உச்சரிப்பில் தொடங்கும். ஒப்பனை எவ்வளவு பொருத்தம், முகவாய் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நீளும். கலை இயக்கத்துக்கு வரும். அங்கேயே முடிந்துவிடும். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இதை வன்மம் என்று நாம் சொல்லவில்லை. பலர் மனமாரத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால் நடிப்பைப் பாராட்டுவது, சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடக் கண்ணியமான வழியாக இருக்கிறது. ‘காந்தி’யைப் பார்த்து அழுகிறவர் தன்னை நல்லவராக உணர்ந்து வீட்டுக்குப் போகலாம். அகிம்சையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல ஒருவர் தன் தெருவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அம்பேத்கரைப் பார்த்து அழ வேண்டுமானால் தன் வீட்டுக் குவளையை, கோயிலை, பெண் கொடுக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்கு ‘நல்லா நடிச்சிருக்கார்’ என்பது சுலபம்.

சமூகவியல் வகுப்பில் பார்வையாளரை ஒற்றைத் திரளாகப் பார்க்கக் கூடாது என்று படித்தோம். நம் நாட்டில் அந்தப் பாடத்தை நடத்த ஒரு சமுதாயக் கூடமும் ஒரு கல்லூரி அரங்கமும் போதும்.

நம் தரப்புக் கேள்விகள்

படத்தை வணங்கிவிட்டுப் போவதும் நம் வேலை இல்லை. அம்பேத்கராக நடிக்க ஒரு தலித் நடிகர் கிடைக்கவில்லையா என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மம்மூட்டி இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, வைக்கத்துக்கு அருகிலுள்ள செம்பு கிராமத்தில் வளர்ந்தவர். அவருடைய ஈடுபாட்டை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1990களில் இந்தியா முழுவதும் தேடினாலும் அந்த அளவுக்குப் பெயர் பெற்ற ஒரு தலித் கதாநாயகன் ஏன் இல்லை?

விடை மம்மூட்டியின் சொந்த மலையாள சினிமாவின் முதல் நாளிலேயே இருக்கிறது. ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, தலித் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது சாதி இந்துக்கள் திரையின் மீது கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவிலில் பெயரும் அடையாளமும் மறைத்து வாழ்ந்து முடிந்தார். தான் நடித்த படத்தின் திரையிடலுக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதி இருக்கவில்லை. இதுவும் ஒரு நடிப்புக்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினைதான். ஒரு தலித் உடல் திரையில் மேல்சாதியாகத் தோன்றியதற்கே கல் வந்தது. அதன் பிறகு அந்தத் துறையில் நம்மவர்கள் எத்தனை பேர் முகம் காட்டியிருக்க முடியும்?

இரண்டாவது கேள்வி மொழி. யாருக்காகப் பாபாசாகேப் வாழ்ந்தாரோ அவர்களில் பெரும்பாலோருக்குப் புரியாத மொழியில் படம் எடுக்கப்பட்டது. உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் மொழிமாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலைதான் தமிழ் மக்கள் இழந்த பத்து ஆண்டுகள்.

மூன்றாவது, எந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கும் உள்ள குறை. ஒருவர் மீதே வெளிச்சம் விழுந்தால் உடன் நின்றவர்கள் நிழலாகிவிடுவார்கள். மகத்தில் நடந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கும் பெயர் இருந்தது. தமிழ்நாட்டில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் மீனாம்பாள் சிவராஜும் இன்னும் தங்கள் நடிகருக்காகக் காத்திருக்கிறார்கள்.

திரையிடும் தோழர்களுக்கு

நாங்கள் செய்து பார்த்து, பயன் தந்த சிலவற்றைச் சொல்கிறோம்.

படத்தை ஒரே இரவில் போட்டு முடிக்காதீர்கள். மூன்று மணி நேரம், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அது நீளம். மகத் வரை ஒரு நாள், பூனா ஒப்பந்தம் வரை ஒரு நாள், நாக்பூர் வரை ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் படம் ஓடிய நேரத்தில் பாதியாவது பேச்சுக்கு ஒதுக்குங்கள்.

பூனா ஒப்பந்தத்தின் வாசகம் ஒரே தாளில் அடங்கிவிடும். தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். 71 எப்படி 148 ஆனது, அதில் எது போனது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். நடிகரின் கண்ணீரைவிட அந்தக் கணக்கு நீண்ட நாள் நினைவில் நிற்கும்.

முடிந்தால் ‘காந்தி’ படத்தையும் அதே வாரத்தில் காட்டுங்கள். கிங்ஸ்லியின் நடிப்பை மனதாரப் பாராட்டுங்கள். பிறகு படத்தில் யார் இல்லை என்று பிள்ளைகளையே பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒரு வரலாற்றுப் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வதில் பாதி வேலை இதுதான்.

கடைசியாக ஒன்று. பார்த்தவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். தேதி, ஊர், யார் என்ன கேட்டார்கள், எந்தக் காட்சியில் யார் எழுந்து போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ‘காந்தி’யைப் பார்த்து உலகம் என்ன சொன்னது என்பதற்குப் பத்திரிகைகள் சாட்சி இருக்கின்றன. அம்பேத்கரைப் பார்த்து நம் சேரிகள் என்ன சொல்லின என்பதற்கு நம் நோட்டுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை. ‘அடிச்சாங்களா, விட்டாங்களா’ என்ற கேள்வியை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு தொடங்கலாம்.

ஜெய் பீம்.